முதல் நாள் வராத மாதம்

கிளினிக்கிலிருந்து கருத்தடைக் குளிசை மட்டையோடு வந்த அன்றைக்கே தேனுகா ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணி குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாசிக்கத் தெரியாதவளா என்றால், பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரைக்கும் படித்தவள். சொன்னது விளங்காதவளா என்றால் அதுவும் இல்லை. குடும்பநல மாது பிரியந்தினி சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டு, விளங்கிக்கொண்டுதான் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தாள். விளங்கினதுதான் வில்லங்கமாய்ப் போனது.

அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டையும் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மூத்தவள் ஒரு கரைச்சலும் தராமல் வந்துவிட்டாள். சின்னவளைப் பெறப்போய்த்தான் தேனுகா செத்துப் பிழைத்தாள். பழைய தையல் உள்ளுக்குள் பிரியத் தொடங்கி, இரத்தம் நிற்காமல் போய், ஆறு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண் முழித்தபோது பெரிய டொக்டர் கட்டிலடியில் நின்று சொன்னது அவளுக்கு இன்றைக்கும் அப்படியே காதில் கிடக்கிறது.

"தங்கச்சி, குறைஞ்சது மூண்டு வருசத்துக்கு உங்கடை வயித்தில ஒண்டும் தங்கப்படாது. அதுக்குள்ள தங்கினால் கர்ப்பப்பை கிழியும். கிழிஞ்சால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இராது."

இதைவிட வெளிச்சமாக ஒருவர் சொல்ல முடியுமா? அதன் பிறகு பெரிய சோதனை ஒன்றும் வரவில்லை. சின்னவளுக்கு நாலு மாதமாக இருக்கையில் கணவன் கிருசாந்தன் கட்டாருக்கு வயரிங் வேலைக்குப் போய்விட்டான். ஆள் இல்லாத வீட்டில் குளிசை எதற்கு? இப்போது சின்னவளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். கிருசாந்தன் முப்பது நாள் லீவில் வரப்போகிறான். அதுதான் அவள் தானாகவே கிளினிக்குக்குப் போனாள்.

கிருசாந்தன் வருவது சும்மா இல்லை, நேர்த்தி தீர்க்க. தேனுகா ஆஸ்பத்திரியில் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்த நேரம், மாமி நேசமலர் ஊர் அம்மன் கோயில் வாசலில் தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு விழுந்து கிடந்தாளாம். "என்ரை மருமகளை எனக்குத் தா ஆச்சி. வைகாசிப் பொங்கலுக்கு அவளைக் கொண்டே உனக்குப் பாற்செம்பு எடுப்பிக்கிறன்." மருமகளுக்காக இப்படி மண்ணில் உருண்ட மாமியார்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்? நேசமலர் நல்லவள். அதையும் சொல்லி வைக்க வேண்டும், பிறகு ஆரும் அவளைத் திட்டப்படாது. போன வைகாசிக்கு வயிற்றுக் காயம் ஆறவில்லை. அதனால் இந்த வைகாசி.

கிளினிக்கில் அன்றைக்குச் சனம் குறைவு. பிரியந்தினி மட்டையை மேசையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வெள்ளை இருபத்தொண்டு, மண்ணிறம் ஏழு. மருந்து வெள்ளையிலதான் கிடக்கு. முட்டை வெளிக்கிடாமல் பிடிச்சு வைக்கிறது அதுதான். மண்ணிறம் வெறும் இரும்புச்சத்து. அதைப் போடுற கிழமையில உனக்கு மாதவிடாய் வரும். ஒரு நாளும் விடாமல், ஒரே நேரத்துக்குப் போடோணும். விளங்குதோ?"

"ஓம் மிஸ்."

"மாதவிடாய் வந்து அஞ்சு நாளுக்குள்ள தொடங்கினால் அண்டையிலிருந்தே காவல். வேற நாளில தொடங்கினால் ஏழு வெள்ளைக் குளிசை உள்ளுக்குப் போகுமட்டும் காவல் இல்லை. அந்த ஏழு நாளும் அவர் உறை பாவிக்கோணும், இல்லாட்டித் தள்ளிப் படுக்கோணும். இண்டைக்கு உனக்கு எத்தனையாம் நாள்?"

"ஒன்பதாம் நாள் மிஸ்."

"நல்லதாப் போச்சு. அவர் வர இன்னும் பத்துப் பதினொரு நாள் கிடக்கு. இண்டைக்கே தொடங்கு. அவர் வந்து இறங்கேக்கை நீ ரெடி." பிரியந்தினி சிரித்தாள். பிறகு, எழுந்து போகப் போனவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னொண்டு. தொடங்கின புதுசில, முதல் ரெண்டு மூண்டு மாசம், இடையில சாடையா இரத்தம் படும். உடம்பு பழகுமட்டும் அப்பிடித்தான். பயந்து போய் விட்டிடாதை."

இந்தக் கடைசி வசனம்தான். பயப்படாதே என்று சொன்னதைக் கேட்டுத்தான் தேனுகா பயந்தாள்.

சாடையாகப் படும் என்றால்? பொங்கலன்றைக்குப் பட்டால்? ஈரச் சேலையோடு, தலையில் பாற்செம்போடு, பறை அடிக்க நடந்து போகையில் ஒரு துளி பட்டால்? ஒரு துளியும் துடக்குத்தான், ஒரு வாளியும் துடக்குத்தான். அவளுடைய உயிருக்காக மாமி வைத்த நேர்த்தி. அதை அவளே தீட்டுப்படுத்துவதா? பிரியந்தினியிடம் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் போன முறை ஒருத்தி துடக்கு, கோயில் என்று ஏதோ கேட்கப்போக, "அம்மன் ஆம்பிளையோடி?" என்று பிரியந்தினி எல்லாருக்கும் முன்னால் கேட்டுச் சிரித்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டு முடித்தாள். கிருசாந்தன் வருவது பொங்கலுக்குப் பத்து நாள் முன். வந்த கையோடு இருவருக்கும் விரதம் தொடங்கும். மச்சம் மாமிசம் இல்லை, படுக்கையும் வேறு வேறு. பொங்கலோடு முட்டுகிற மாதவிடாயைத் தள்ளிப்போட மாமி எப்படியும் குளிசை வாங்கித் தருவாள், பொங்கல் முடிய அதை நிற்பாட்டினால் மாதவிடாய் வரும். வந்த முதல் நாளே குளிசையைத் தொடங்கினால் அன்றைக்கே காவல், மிஸ் சொன்ன மாதிரி. கோயிலுக்கும் குறை இல்லை, உயிருக்கும் குறை இல்லை. நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மட்டையை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலமை ஆறு மணிக்கு வான் ஒன்று வந்து படலையில் நின்றது. இறங்கினது கிருசாந்தன். ஒருவருக்கும் சொல்லாமல், லீவை முன்னுக்கு எடுத்துக்கொண்டு, எட்டு நாள் முந்தி வந்து நிற்கிறான். சந்தோசப்படுத்துகிறாராம்! மூத்தவள் "அப்பா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டினாள். சின்னவள் ஆர் இந்த மனிசன் என்று வீரிட்டுக் கத்தினாள். மாமி முற்றத்திலேயே நின்று அழுதாள். தேனுகா குசினிக்குள் நின்று தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். சந்தோசம் இல்லாமல் இல்லை, நெஞ்சு முட்டச் சந்தோசம்தான். ஆனால் அடுப்பை ஊதிக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டாம் நாள்.

பின்னேரம் பிள்ளைகள் படுத்த நேரம் அவனிடம் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நான் இன்னும் குளிசை தொடங்கேல்லை. டொக்டர் சொன்னது ஞாபகம் கிடக்குதானே? சதீஸ் அண்ணையின்ரை பார்மசியில உறை கிடக்கும், போய் வாங்கிக்கொண்டு வாங்கோவன்."

"சதீஸிட்டையோ? உனக்கென்ன விசரே? என்னோட ஒண்டாப் படிச்சவன். கடையில எந்த நேரமும் பத்துச் சனம் நிக்கும். வந்து இறங்கின அண்டைக்கே போய் உறை கேட்டால் ஊர் முழுக்கச் சிரிக்கும்."

"அப்ப கிளிநொச்சிக்குப் போய் வாங்கோ."

"நாளைக்குப் பாப்பம்" என்றான். பத்து மாதமாய்க் கட்டாரில் தகரக் கட்டிலில் தனியப் படுத்தவன். அவளும் கல்லா மரமா? நாளைக்குப் பார்ப்பம் என்பதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்கு அதே சதீஸின் பார்மசிக்கு நேசமலர் மாமி போனாள். அங்கே நின்ற அத்தனை சனத்துக்கும் கேட்க, "தம்பி சதீஸ், மருமகள் பாற்செம்பு எடுக்கிறா. தீட்டுத் தள்ளிப்போடுற குளிசை தா" என்றாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர்கூட "எந்தக் கோயிலுக்கு?" என்று பக்தியோடு கேட்டாராம். பாருங்கோ எங்கடை சனத்தை! அம்மனுக்காக என்றால் பெண்ணின் இரத்தத்தைப் பற்றிச் சந்தியில் நின்றும் கதைக்கலாம். அவளின் உயிருக்காக ஒரு உறை வாங்க ஆம்பிளைக்கு வெட்கம்.

"வாற திகதிக்கு மூண்டு நாளுக்கு முந்தித் தொடங்கினால் காணும் அம்மா. நாளுக்கு மூண்டு" என்று சதீஸ் சொல்லித்தான் கொடுத்தான். ஆனால் மாமிக்கு மூன்று நாள் போதவில்லை. அம்மாளின் காரியத்தில் மட்டுமட்டாய் நிற்கலாமோ என்று, கூடவே வாங்கி வந்து, அன்றைக்கே தேனுகாவின் கையில் ஒன்றை வைத்துத் தண்ணியும் கொடுத்தாள்.

தேனுகா அதை விழுங்கினாள். விழுங்கினவுடன் அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது. இரத்தத்தையே பிடித்து நிற்பாட்டுகிற குளிசை, கருவை விட்டுவிடுமா? இதுவும் பெண்களின் குளிசைதான், அதுவும் பெண்களின் குளிசைதான். அது நாளுக்கு ஒன்று, இது நாளுக்கு மூன்று, அப்படியென்றால் இன்னும் பலமானதாகத்தானே இருக்க வேண்டும்? இதை அவள் ஆரிடமும் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லி, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். கிருசாந்தனிடமும் "இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டாள். கிளிநொச்சிப் பயணம் அத்தோடு நின்றது. விரதம் தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது.

பொங்கல் நல்லாய்த்தான் நடந்தது. விடிய வெள்ளன நாலு வீடு தள்ளியிருந்த கிணற்றில் முழுகி, மஞ்சள் சேலையோடு அவள் பாற்செம்பைத் தூக்கினபோது மாமி கைகூப்பிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். கிருசாந்தன் சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். ஒரு துளி பால் சிந்தவில்லை. ஒரு துளி இரத்தமும் படவில்லை. அம்மனுக்குப் பால் வார்த்த நேரம் தேனுகாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. தப்பிவிட்டேன், எல்லாவற்றிலும் இருந்து தப்பிவிட்டேன் என்று நினைத்தாள், பாவி.

அன்றோடு தள்ளிப்போடுகிற குளிசையை நிற்பாட்டினாள். நிற்பாட்டி இரண்டு மூன்று நாளில் வரும் என்று சதீஸ் சொல்லியிருந்தான். வந்த முதல் நாள் வெள்ளைக் குளிசையைத் தொடங்க வேண்டும். அலுமாரியைத் திறந்து மட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

இரண்டு நாள் போனது. மூன்று போனது. நாலாம் நாள் அடிவயிறு கொஞ்சம் நொந்தது. வந்துவிட்டது என்று குளிப்பறைக்கு ஓடினாள். ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் வெள்ளைக் குளிசையைப் போட்டுவிடுவோமா என்று ஒன்றைத் தள்ளிக் கையில் எடுத்தாள். முதல் நாள் வரவில்லையே, எப்படிப் போடுவது? பயந்து போய்த் திரும்ப மட்டைக்குள் வைத்து அமத்தினாள். கூடுதலாய்த் தள்ளிப்போட்டதால் கூடுதலாய்ப் பிந்துகிறது என்று மனதைத் தேற்றினாள். கிருசாந்தனிடம் மூச்சு விடவில்லை. நிற்கிற நாளே கொஞ்சம், அதில் அவனுக்கும் ஏன் பாரம் என்று.

பொங்கல் முடிந்து பன்னிரண்டாம் நாள் அவன் வெளிக்கிட்டான். வானில் ஏறும் முன், "அடுத்த முறை வரேக்கை ரெண்டு மாசம் நிப்பன்" என்றான். வான் சந்தியில் திரும்ப, தேனுகாவுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. வாழை மரத்தடியில் குந்தியிருந்து சத்தி எடுத்தாள். இது என்ன சத்தி என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு தரம் எடுத்தவள்.

நாலு நாள் கழித்து, கிளினிக்கில் பிரியந்தினி சோதனைக் கீற்றை மேசையில் வைத்தாள். இரண்டு கோடு.

"குளிசை போட்டனியெல்லே?"

"இல்லை மிஸ். முதல் நாளுக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சாடையாகப் படும் என்று பயந்ததை, அவன் முந்தி வந்ததை, சதீஸின் பார்மசியை, நாளுக்கு மூன்று குளிசையை.

"ஐயோ பிள்ளை!" பிரியந்தினி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "அது தீட்டைத் தள்ளிவைக்கும், கருவைத் தடுக்காதடி! அதைப் போட்டுக்கொண்டு இருந்தாலும் பிள்ளை தங்கும். உனக்கு அதைத் தொடங்க முதலே தங்கியிருக்கும், இல்லாட்டி அந்தக் கிழமைக்குள்ள." மேசையைச் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் வாங்கிலேயே உட்கார்ந்தாள். குரல் இறங்கினது. "நான் தந்த மட்டையை அண்டைக்கே தொடங்கியிருந்தால், அவர் முந்தி வந்திருந்தாலும் ஒரு நாலு நாள் பாத்து நடந்தால் போதும். பொங்கலுக்கும் வேற குளிசை தேவையில்லை. மண்ணிறத்தை விட்டிட்டு அடுத்த மட்டை வெள்ளையைத் தொடர்ந்து போடச் சொல்லியிருப்பன். மாதவிடாய் வராது. சாடையாப் பட்டிருக்கலாம், படாமலும் விட்டிருக்கலாம். ரெண்டுக்கும் அந்த ஒரு குளிசை காணுமாயிருந்தது. ஏனடி என்னட்டைக் கேக்கேல்லை?"

"கோயில் விசயம் உங்களிட்டைக் கேக்க வெக்கமாக் கிடந்தது மிஸ். சிரிப்பியள் எண்டு."

பிரியந்தினிக்கு முகம் செத்துவிட்டது. கர்ப்பிணி அட்டை ஒன்றை எடுத்துத் தேனுகாவின் பெயரை எழுதினாள், மேலே சிவப்பில் கோடு கீறினாள்.

நாலு நாள் கழித்துப் போய்க் கண்டபோது பெரிய டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கலைக்கலாமா என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதற்கு, உயிருக்கு உடனே ஆபத்து என்று காட்ட முடியாத இந்த நேரத்தில் சட்டம் அதற்கு இடம் தராது என்றார். களவாய்ச் செய்கிறவர்களிடம் போனால் அந்த வயிற்றோடு மேசையிலேயே முடிந்துவிடுவாய், போகாதே என்றார். இரண்டு கிழமைக்கு ஒருக்கா வர வேண்டும், ஏழாம் மாதத்தோடு வார்டில் வந்து படுக்க வேண்டும். தையல் தாங்குமா என்று கேட்டாள். "தாங்கோணும் எண்டு நினைப்பம்" என்றார் அவர். படித்த மனிதரும் நினைப்பம் என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மாமி குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிற்பாட்டவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"பிள்ளை, பொங்கல் முடிஞ்சு இண்டைக்கு இருபது நாள். நீ ஒரு நாளும் சாமியறைக்குள்ள போகாமல் விடேல்லை. விளக்கு வைக்க என்னை ஒருக்காலும் கேக்கேல்லை."

மாமியார் உள்ள வீட்டில் இதை எத்தனை நாளுக்கு ஒளிக்கலாம்? தேனுகா கையில் இருந்த அட்டையைக் காட்டினாள். மாமிக்கு வாசிக்கத் தேவைப்படவில்லை, அட்டையின் நிறமே சொல்லிவிட்டது. சுளகு மடியிலிருந்து சரிந்து அரிசி நிலமெல்லாம் கொட்டுப்பட்டது.

"மிட்வைஃப் தந்த குளிசை போடுறாய் எண்டெல்லே நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

"போட்டால் இடையில படும் எண்டு சொன்னவா மாமி. பொங்கலண்டு பட்டிட்டால்... நீங்கள் எனக்காக வைச்ச நேர்த்தியெல்லே."

மாமி அவளைப் பார்த்தாள். இந்த நேசமலர்தான் பக்கத்து வீட்டுப் பெட்டை துடக்கோடு வாசலில் நின்றுவிட்டாள் என்பதற்காக ஒரு பானை பாயாசத்தை வாழையடியில் ஊற்றினவள். மகள்மார் துடக்கென்றால் மூன்று நாளுக்குத் தட்டும் பாயும் வேறாக வைத்தவள்.

"பட்டால் படட்டுமேயடி" என்றாள். "துடக்கோட தூக்கியிருந்தால் என்னடி? அவள் பாலையோ கேட்டவள்? நானெல்லே அவளிட்டை உன்ரை உயிரைக் கேட்டனான்!" மார்பில் ஒரு கை வைத்து அடித்தாள். "நானெல்லே உன்ரை கையில கொண்டந்து வைச்சனான், தண்ணியும் தந்து... அம்மாளே, நானெல்லே..."

"நீங்கள் என்ன செய்வியள் மாமி, உங்களுக்குத் தெரியுமே" என்றாள் தேனுகா. இவளைத் தேற்ற வேண்டியவள் மாமி. நடந்தது நேர்மாறு.

உள்ளே சின்னவள் எழும்பி அழுதாள். தேனுகா போய்த் தூக்கக் குனிய, மாமி பின்னாலேயே ஓடி வந்து அவளை விலத்திவிட்டுப் பிள்ளையைத் தான் தூக்கினாள். "நீ இனிப் பாரம் தூக்கப்படாது" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தாள். பிள்ளை அழுகையை நிற்பாட்டின பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தேனுகா கட்டில் விளிம்பில் இருந்தாள். டொக்டருக்கு முன்னால் அழாதவள், பிரியந்தினிக்கு முன்னால் அழாதவள், இப்போது அழுதாள்.

"மாமி, எனக்குச் சாகப் பயமாக் கிடக்கு. இதுகள் ரெண்டும் சின்னன்."

மாமி நடப்பதை நிற்பாட்டினாள். அவள் இப்போது வழமையாகச் சொல்வதைச் சொல்லுவாள் என்று தேனுகா முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடிமன் காய்ச்சலுக்கும் சொல்லுவாள், மழை பெய்யாவிட்டாலும் சொல்லுவாள், அம்மாளாச்சி பாப்பா, நீ யோசியாதை என்று. ஒருக்கால் அதைக் கேட்டால் போதும் போல இருந்தது.

மாமி பக்கத்தில் வந்து இருந்தாள். மருமகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு பிள்ளை" என்றாள். அம்மாளின் பெயரை அவள் சொல்லவில்லை.